மறைத்தது மறைந்ததா? – வாசகர் கேள்வியும் பதிலும்

இம்முறை வந்த கடிதங்கள் பலவும் குறிப்பெழுதும் செயலிகள், படம் அனுப்புவது, படம் போட்டு விளக்குவது ஆகிய மூன்றையும் சுற்றியே இருக்கின்றன. ஒன்றின் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் ஒரே இதழில் தருகிறோம்.

ஐயா, ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், ஏடிஎம் பின் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பி வைத்திருக்கிறேன். தேடினால் உடனே கிடைக்கிறது. மகன் கூகுள் கீப்பில் எழுதச் சொல்கிறான். எது பத்திரம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

அடையாள அட்டையின் படமும் ரகசிய எண்ணும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. அதை முதலில் பிரியுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முழு மறையாக்கத்தோடு (எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்) போகின்றன. நடுவழியில் யாரும் படிக்க முடியாது, அந்த நிறுவனமும்கூட. ஓட்டை இருப்பது வழியில் அல்ல, போய்ச் சேரும் இடத்தில். வாட்ஸ்அப் எடுக்கும் பேக்கப், ஆண்ட்ராய்டு போனில் உங்கள் கூகுள் கணக்குக்குப் போகிறது. அந்த பேக்கப்புக்குத் தனி மறையாக்கம் உண்டு. ஆனால் நீங்கள் போய் இயக்கினால்தான் உண்டு. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப் என்று போய் ஆன் செய்யுங்கள். கடவுச்சொல் கேட்கும், அல்லது 64 இலக்கச் சாவி ஒன்றைத் தரும். இதை மறந்தால் பேக்கப்பைத் திறந்துதர உலகில் யாராலும் ஆகாது. தாளில் எழுதி பீரோ லாக்கரில் வையுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை, வீட்டுக்குள் பூட்டிய தாளை இணையத்தில் இருக்கும் திருடனால் தொட முடியாது.

இன்னொரு ஓட்டை கேலரி. ஆதார் அட்டையைப் படம்பிடித்து அனுப்பினீர்கள் அல்லவா, மூலப்படம் கேலரியிலேயே இருக்கிறது. பேக்கப் ஆன் ஆகியிருந்தால் கேலரி கூகுள் போட்டோஸில் ஏறுகிறது. பேரன் விளையாடப் போனை வாங்கினாலும் கண்ணில் படுகிறது. சாட்டில் அழித்தாலும் அங்கே இருக்கும்.

கூகுள் கீப்பில் எழுதுவதும் மறையாக்கத்தோடுதான் சேமிக்கப்படுகிறது, ஆனால் பூட்டின் சாவி கூகுளிடம். தனிக் குறிப்புக்குப் பூட்டுப் போடும் வசதியும் அதில் இல்லை. மளிகைப் பட்டியலுக்கும் மாத்திரை நேரத்துக்கும் கீப் அருமையானது. கணக்கு எண்ணுக்கு வேண்டாம்.

ஆக, இப்படிச் செய்யுங்கள். ஆதாரும் பானும் டிஜிலாக்கரில் இருக்கட்டும். வழங்கும் துறையிடமிருந்தே அங்கே வரும் ஆவணம் மூல ஆவணத்துக்கு இணையானது. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்தத் தகுதி கிடையாது. கடவுச்சொற்களும் கணக்கு எண்களும் பிட்வார்டன் அல்லது கீபாஸ் போன்ற கடவுச்சொல் பெட்டகத்துக்குப் போகட்டும். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏடிஎம் பின் நான்கே இலக்கம். அது மனதில் இருந்தால் போதும். பிறகு வாட்ஸ்அப்பிலும் கேலரியிலும் இருப்பதை அழித்து, கேலரியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். அதில் படங்கள் பல நாள் உயிரோடு கிடக்கும்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுக்கிறேன். குறிப்பெழுத நோஷன், ஆப்சிடியன், ஜாப்ளின் மூன்றில் எது? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆப்சிடியனில் சில குறிப்புகள் கணினியில் இருக்கின்றன, போனுக்கு மட்டும் வரமாட்டேன் என்கின்றன. ஏன்?
– ஆய்வு மாணவர், தஞ்சாவூர்

பின்னதை முதலில் பார்ப்போம். உங்கள் குறிப்புகளின் தலைப்பு நீளம்.

ஆப்சிடியன் ஒவ்வொரு குறிப்பையும் தனிக் கோப்பாகச் சேமிக்கிறது. தலைப்புதான் கோப்பின் பெயர். விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை விடும். ஆண்ட்ராய்டு எண்ணுவது குறியீட்டை அல்ல, பைட்டை, அதாவது அது சேமிப்பில் பிடிக்கும் இடத்தை; அங்கே வரம்பு 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. ‘கல்லூரி’ கண்ணுக்கு நான்கு எழுத்து. உள்ளே 7 குறியீடு, 21 பைட். அப்படிப் பன்னிரண்டு சொல் வந்தாலே 252 பைட் ஆகிவிடும், நடுவில் உள்ள இடைவெளிகளையும் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். ‘திருவையாறு வட்டத்தில் நெல் அறுவடைக்குப் பிந்தைய கூலி முறை குறித்து’ என்று தொடங்கி, மேலும் நாலைந்து சொல் நீட்டி எழுதும் பழக்கம் இருந்தால் கணினி ஏற்கும், போன் மறுக்கும். பெரும்பாலும் பிழைச் செய்திகூட வராது. தலைப்பை ஐந்தாறு சொல்லில் முடியுங்கள், விவரத்தைக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகியவற்றையும் தலைப்பில் தவிர்த்துவிடுங்கள்.

ஜாப்ளினில் இந்தத் தொல்லை இல்லை. அது ஒத்திசைவுக்கு (சிங்க், அதாவது எல்லாச் சாதனத்திலும் குறிப்புகளை ஒரேபோல் வைப்பது) அனுப்பும் கோப்புகளுக்கு 32 எழுத்து அடையாள எண்ணைப் பெயராக வைத்துக்கொள்கிறது. தலைப்பு கோப்பின் உள்ளே போய்விடுகிறது. அதனாலேயே அந்தக் கோப்புகளை வேறு செயலியில் திறந்து படிப்பது சிரமம். ஆப்சிடியன் கோப்பை எந்த நோட்பேடிலும் திறக்கலாம். பத்து ஆண்டு கழித்துச் செயலியே இல்லாமல் போனாலும் எழுத்து மிஞ்சும். ஆய்வுக்கு இதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

நோஷனில் முழு மறையாக்கம் கிடையாது. நூற்பட்டியல், கால அட்டவணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘என் பெயரைப் போட்டுவிடாதே தம்பி’ என்று ஒருவர் சொன்ன பிறகு அவர் பேச்சை அங்கே வைப்பது சரியல்ல.

ஜாப்ளினில் மறையாக்கம் இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது. இயக்கும் வரிசையும் முக்கியம். ஒரே ஒரு சாதனத்தில், கணினியில் என்று வையுங்கள், அமைப்புகளில் என்கிரிப்ஷன் பகுதிக்குப் போய் இயக்குங்கள். எல்லாக் குறிப்புகளும் மறுபடி மேலேறும்; அது முழுதாக முடியும் வரை போனைத் தொடாதீர்கள். முடிந்த பின் போனில் ஒத்திசைத்து, கேட்கும்போது அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். இரண்டு சாதனத்திலும் ஒரே நேரத்தில் இயக்கினால் இரண்டு சாவிகள் உருவாகிப் பாதிக் குறிப்புகள் பூட்டிய நிலையிலேயே நிற்கும். இன்னொன்று, இந்த மறையாக்கம் ஒத்திசைவுக்கு மட்டும். சாதனத்துக்குள் இருக்கும் பிரதி திறந்தே கிடக்கிறது. ஆப்சிடியனிலும் அப்படித்தான். மடிக்கணினியின் வன்தட்டை பிட்லாக்கர் போன்ற ஒன்றால் பூட்டாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

ஆப்சிடியனின் சொந்த ஒத்திசைவுச் சேவைக்குக் கட்டணம் உண்டு. அது முழு மறையாக்கத்தோடு வருகிறது. காசில்லாமல், சாதனங்களுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் செயலி வழியாகச் செய்யலாம். ஆனால் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் மறைந்த அமைப்புக் கோப்புறை ஒன்று இருக்கும். அதில் ‘ஒர்க்ஸ்பேஸ்’ என்று தொடங்கும் கோப்புகளை ஒத்திசைவிலிருந்து விலக்கிவிடுங்கள். எந்தக் குறிப்பைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்பதை அவை பதிவதால் ஒவ்வொரு சொடுக்குக்கும் மாறும். ‘முரண்பட்ட பிரதி’ என்று குப்பை சேர்வது பெரும்பாலும் இவற்றால்தான்.

எந்தச் செயலி ஆனாலும் பேட்டி கொடுத்தவரின் பெயரைக் குறிப்பில் எழுதாதீர்கள். ‘த-07’ போல எண் கொடுங்கள். எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் ஒரே ஒரு கோப்பு. அதை மட்டும் வெராகிரிப்ட் அல்லது கிரிப்டோமேட்டர் என்ற மறையாக்கச் செயலியில் உருவாக்கிய பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். குரல்பதிவுகளும் அங்கேதான். பெயர் நீக்கினாலும் குரல் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

எவர்நோட்டை விட்டு ஜாப்ளினுக்கு மாறினேன். குறிப்பெல்லாம் வந்துவிட்டது, பன்னிரண்டு நோட்டுப்புத்தகமும் ஒரே குவியலாகிவிட்டது.
– வாசகர், ஈரோடு

எவர்நோட் தரும் ஏற்றுமதிக் கோப்பில் குறிப்பும் டேக்கும் இருக்கும், நோட்டுப்புத்தகத்தின் பெயர் இருக்காது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே கோப்பாக எடுத்தால் இப்படித்தான் கொட்டும். ஒவ்வொரு நோட்டுப்புத்தகத்தையும் தனியாக ஏற்றுமதி செய்து, பன்னிரண்டு கோப்பாக உள்ளே கொண்டுவாருங்கள். பழைய கணக்கை ஒரு மாதமாவது மூடாமல் வைத்திருந்து, இணைப்புப் படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

வாடகை வீட்டுக்காகத் தரகர் ஆதார் கேட்டார். போனிலேயே எண்ணின் மேல் கறுப்புப் பேனாவால் இழுத்து அனுப்பினேன். பிடிஎஃப் கேட்டவருக்குக் கறுப்புக் கட்டம் போட்டு அனுப்பினேன். இது போதுமா?
– தனியார் நிறுவன ஊழியர், தாம்பரம்

இரண்டுமே போதாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் போவது வேறு, கோப்பில் இல்லாமல் போவது வேறு.

பேனாவைப் பாருங்கள். போன்களில் உள்ள வரைகருவிகளில் சில ஹைலைட்டர் வகை, ஒளி ஊடுருவும். நான்கு முறை இழுத்தால் கறுப்பாகத் தெரியும். வாங்கியவர் படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் கூட்டினால் எண் மெல்ல எழுந்து வரும். மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாக்குவதும் இன்னும் மோசம், குறிப்பாக எண்களுக்கு. எண் உருக்கள் மொத்தமே பத்து. அதே எழுத்துருவில் பத்தையும் அதே அளவுக்கு மங்கலாக்கி ஒப்பிட்டால் எது எதுவென்று தெரிந்துவிடும். இதைச் செய்யும் நிரல் 2020-லேயே பொதுவெளிக்கு வந்துவிட்டது. முகத்தைச் சுழற்றி உருக்குலைப்பதும் மறைப்பு அல்ல. 2007-இல் ஒரு குற்றவாளி அப்படிச் சுழற்றி வெளியிட்ட படங்களை ஜெர்மன் காவல்துறை நிபுணர்கள் எதிர்த்திசையில் சுழற்றி முகத்தை மீட்டார்கள். இன்டர்போல் அந்த முகத்தை உலகுக்குக் காட்ட, சில நாளில் ஆள் தாய்லாந்தில் பிடிபட்டான். அங்கே நல்லதாய் முடிந்தது. உங்கள் ஆதாருக்கும் அதே கணக்குதான்.

பிடிஎஃப்பில் கட்டம் போடுவது மேசைமேல் உள்ள தாளின் மீது புத்தகத்தை வைப்பது போல. புத்தகத்தை எடுத்தால் எழுத்து இருக்கிறது. அமெரிக்காவில் டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் 2019 ஜனவரியில் நீதிமன்றத்துக்குத் தந்த ஆவணத்தில் கறுப்பிட்ட வரிகளைச் செய்தியாளர்கள் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டியே படித்தார்கள். பெரிய வழக்கறிஞர்களுக்கே இந்தக் கதி.

வெட்டினாலும் சில சமயம் போகாது. 2023 மார்ச்சில் வெளிவந்த குறையில், கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிச் சேமித்த படத்தின் கோப்புக்குள் பழைய படத்தின் வால்பகுதி அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் கருவியிலும் அதே குறை. திருத்திவிட்டார்கள், ஆனால் திருத்தத்துக்கு முன் அனுப்பிய படங்கள் இன்னும் அப்படியேதான்.

சரியான முறை எளிது. படத்தில் பேனாவை விட்டு, முழுக்க நிரப்பிய செவ்வகத்தைப் போடுங்கள்; ஒளிபுகாமை 100 சதவீதம் இருக்க வேண்டும். செவ்வகம் எண்ணின் நீளத்தைவிட இருபுறமும் அதிகமாக இருக்கட்டும், பெயரை மறைக்கும்போது நீளமே துப்பாகிவிடும். சேமித்துத் திறந்து, திரையில் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள். அது திரையில் தெரிந்த புள்ளிகளின் படம்தான், அடியில் வேறு அடுக்கு கிடையாது. பிடிஎஃப்தான் வேண்டும் என்றால் ஸ்கிரீன்ஷாட்டைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். சோதிக்கக் கணினியில் திறந்து, கறுப்பின் மேல் இழுத்துத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து பாருங்கள். எதுவும் ஒட்டாவிட்டால் சரி.

ஆதாரில் எண் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அச்சாகியிருக்கும், பின்புறமும் பாருங்கள். கியூஆர் கட்டத்தை மறந்துவிடுவார்கள். அதில் பெயர், பிறந்த தேதி, முகவரி உண்டு. பழைய அட்டைகளின் கியூஆரில் முழு 12 இலக்க எண்ணே உண்டு.

உண்மையில் இவ்வளவு பாடே தேவையில்லை. மை ஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்து, டவுன்லோட் பகுதியில் ‘மாஸ்க்டு ஆதார்’ என்பதை டிக் செய்தால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் பிடிஎஃப் வரும். அதன் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பிறகு பிறந்த ஆண்டு. உங்களைத் தெரிந்த யாரும் ஊகிக்கக்கூடியது, அதை ஒரு பூட்டாக நினைக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுப்பதானால் எழுத்துகளின் குறுக்கே ‘வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுக்கலாம்.

படத்தில் நம் வீடு இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

கேமராவில் இடக்குறிப்பு ஆன் ஆகியிருந்தால் உண்மை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக்கோப்புக்குள் பதிகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும்; ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினாலும் மின்னஞ்சலில் இணைத்தாலும் நீங்காமல் படத்தோடு சேர்ந்தே போகும். தரம் குறையாமல் இருக்க டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்வார்கள், அப்போதுதான் கவனம். கேமரா அமைப்பில் ‘லொகேஷன் டேக்’ என்பதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படத்துக்கு விண்டோஸில் வலது சொடுக்கு, பிராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அடியில் தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வரி.

எங்கள் குழுவின் ஆண்டுக் கணக்கை வட்டப் படமாகப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். யாருக்கும் புரியவில்லை. கலர் பிரிண்ட் எடுத்து ஜெராக்ஸ் போட்டதும் எல்லாம் சாம்பலாகிவிட்டது.
– சுய உதவிக் குழுப் பொருளாளர், திருவண்ணாமலை

வட்டத்தில் ஆறு துண்டு இருந்தால் எது பெரிது என்று கண்ணால் சொல்ல முடியாது. கோணத்தை ஒப்பிடுவதைவிட, ஒரே கோட்டிலிருந்து தொடங்கும் நீளங்களை ஒப்பிடுவது கண்ணுக்கு எளிது. கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இருவர் 1984-இல் இதைச் சோதித்தே காட்டினார்கள். பட்டைகளாகப் போடுங்கள், அதிலும் படுக்கைவாட்டில். ‘உள்கடன் வட்டி வரவு’ போன்ற தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. நின்ற பட்டையின் அடியில் அவை சாய்ந்து நிற்கும், கழுத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். பெரியது மேலே, சிறியது கீழே. அளவு 0-விலிருந்து தொடங்கட்டும். தொகையைப் பட்டையின் நுனியிலேயே எழுதுங்கள். ஓரத்தில் வண்ணக் குறிப்பு வைத்தால் கண் அங்கும் இங்கும் ஓடும்.

ஜெராக்ஸில் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். நிறக்குருடு உள்ளவருக்கும் இதே சிக்கல். நிறத்தோடு வடிவத்தையும் மாற்ற வேண்டும். பாக்கெட்டுகளில் அசைவக் குறி முன்பு பழுப்பு வட்டம். சைவத்தின் பச்சை வட்டத்தோடு குழம்பியதால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் அதைப் பழுப்பு முக்கோணமாக்கின. நீங்கள் ஒன்றை நிரப்புங்கள், மற்றதில் கோடு போடுங்கள். அச்சிடுமுன் போனில் கறுப்பு வெள்ளை வடிகட்டி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எழுத்தின் அளவு 20 பாயிண்ட்டுக்குக் குறைய வேண்டாம், வரி இடைவெளி 1.4 மடங்கு. தமிழுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. நெருக்கினால் மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கி’யும் மோதும்.

ஆடு, மாட்டுப் படம் போட விரும்பினால், இரட்டிப்பு எண்ணிக்கைக்கு இரண்டு மாடு வரையுங்கள். ஒரே மாட்டை இரண்டு மடங்கு உயரமாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், பார்ப்பவர் நான்கு மடங்கு என்றே எடுத்துக்கொள்வார். வியன்னாவில் 1925-இல் அருங்காட்சியகம் அமைத்து, புள்ளிவிவரங்களைப் படங்களாகக் காட்டிய ஆட்டோ நியூராத், படத்தைப் பெரிதாக்காமல் எண்ணிக்கையைத்தான் கூட்டினார்.

நீங்கள் கேட்காத ஒன்று. ‘தவணை தவறியவர்: 1’ என்று ஒரு பட்டை போட்டிருக்கிறீர்கள். பதினைந்து பேர் உள்ள குழுவில் அந்த ‘1’ யார் என்று தெருவுக்கே தெரியும். ஐந்துக்குக் கீழே வரும் எண்ணிக்கையைப் பலகையில் தனியாகக் காட்டாதீர்கள், ‘நிலுவைத் தொகை’ என்று ரூபாயில் சேர்த்துக் காட்டினால் போதும். வங்கிக்குப் பவர்பாயிண்ட்டாக அனுப்பினால் இன்னும் கவனம். எக்செல்லிலிருந்து ஒட்டும்போது ‘எம்பெட்’ என்பதைத் தேர்ந்தால் பட்டைப் படத்தின் பின்னால் முழு எக்செல் கோப்பும், எல்லாத் தாள்களோடும், உடன் போகும். ‘பிக்சர்’ என்று ஒட்டுங்கள்.

வகுப்புக்கு எக்ஸ்காலிட்ராவில் வரைந்து இணைப்பு அனுப்புகிறேன். நம்பலாமா?
– பொறியியல் விரிவுரையாளர், கோவை

நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. படம் உங்கள் உலாவியிலேயே மறையாக்கப்பட்டுத்தான் மேலே போகிறது. சாவி, இணைப்பில் ‘#’ குறிக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதில்லை. ஆனால் இணைப்பு யார் கையில் இருக்கிறதோ சாவியும் அவர் கையில். படமாக ஏற்றுமதி செய்யும்போது ‘எம்பெட் சீன்’ ஆன் ஆகியிருந்தால், பெறுபவர் அதை மறுபடி திறந்து நீங்கள் விடையின் மேல் வைத்த கட்டத்தை நகர்த்திவிடலாம். வினாத்தாளுக்கு இதை அணைத்துவிடுங்கள். வரைந்தது உலாவியின் சேமிப்பில்தான் இருக்கிறது. உலாவித் தரவை அழித்தால் அதுவும் போகும், கோப்பாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

என் குறிப்புகளில் ‘கௌரி’ என்று தேடினால் பாதிதான் வருகிறது. மீதியும் இருப்பது கண்ணால் தெரிகிறது.
– வாசகர், மதுரை

தட்டெழுதிய விதம் இரண்டு. ‘கௌ’ என்பது க-வோடு ஔகாரக் குறி சேர்ந்தது. பலர் கொம்பைப் போட்டு அடுத்து ‘ள’ அடித்துவிடுகிறார்கள்: ‘கெளரி’. அச்சில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். ‘ஔவை’க்கும் இதே வம்பு. ‘எ’ எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழான ‘௭’ விழுந்திருப்பதும் உண்டு. இணையத்திலிருந்து ஒட்டிய பத்திகளில் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறியீடுகள் நடுவில் இருந்தாலும் தேடல் தவறும்; அந்தச் சொல்லை அழித்துவிட்டுக் கையால் ஒருமுறை அடித்தால் சரியாகும்.

எளிய கோப்பாக இருக்கும் குறிப்புகள் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் மாற்றலாம். ஆனால் ‘கெள’ என்பதையெல்லாம் மாற்று என்று கொடுத்துவிடாதீர்கள். ‘கெளிறு’ மீனும் சேர்ந்து மாறிவிடும். ‘கெளர’, ‘ஒளவை’, ‘மெளன’ என்று சொல்லின் முதல் மூன்று நான்கு எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு முன் கோப்புறையை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.